வாசல் இல்லாத வட்டம்

குன்றாண்டார்கோவிலுக்குக் கிழக்கே இருந்த பொட்டலில் ஒரு பட்டாள முகாம் வரப்போகிறது என்று முடிவானபோது, எந்தப் பட்டாளம் வரும், எதற்கு வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. சீனச் சண்டை முடிந்த அடுத்த வருஷம் அது. அந்த நேரத்தில் அப்படிக் கேட்டவனைச் சீனாக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். முதலில் கட்டடம் இருக்கட்டும், கட்டடம் இருந்தால் பட்டாளம் தானே வந்து சேரும் என்று மேலிடத்தில் நினைத்தார்கள்.

திட்ட அலுவலகம் புதுக்கோட்டையில், மகாராஜாவின் பழைய குதிரை லாயத்தில் நடந்தது. சமஸ்தானம் போனதும் குதிரைகளும் போய்விட்டன. வாடை மட்டும் தங்கிவிட்டது. குதிரைக்கு ஒரு தடுப்பு என்று இருந்ததை அலுவலருக்கு ஒரு தடுப்பு என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். நல்லதம்பியின் தடுப்பில் அங்கே முன்பு நின்ற குதிரையின் பெயர் கல்லில் வெட்டியிருந்தது. புதிதாக வந்த தபால்காரர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிட்டார். நல்லதம்பி எழுந்து போய்த் தபாலை வாங்கிக்கொள்வான். திருத்தினால் அவருக்குச் சங்கடமாக இருக்குமே என்று விட்டுவிட்டான்.

அவன் பொன்னமராவதிக்காரன். சென்னையில் கட்டடக்கலை படித்தவன். வசதித் திட்ட அலுவலர் என்பது உத்தியோகத்தின் பெயர். சிப்பாய் எங்கே படுப்பான், சமையல் புகை எந்தப் பக்கம் போகும், கிணற்றிலிருந்து கக்கூஸ் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அவன்தான் வரைந்து வைக்க வேண்டும். யோசிக்க வேண்டியதில்லை. யோசித்து முடித்த தடித்த புத்தகம் ஒன்று மேஜைமேல் இருந்தது. இமயமலை அடிவாரத்தில் உட்கார்ந்து யாரோ எழுதிய புத்தகம். அதன்படி ஒவ்வொரு அதிகாரியின் அறையிலும் குளிர்காயக் கணப்படுப்பு இருக்க வேண்டும். பனி வழுக்கி விழும்படி கூரை சரிந்திருக்க வேண்டும்.

நல்லதம்பி அதை எடுத்துக்கொண்டு தலைமை அதிகாரி மேஜர் இன்னாசியிடம் போனான்.

"சார், சித்திரை மாசத்துல இங்கிட்டு மணல்ல முட்டையை வச்சா அவிஞ்சுபோகும். கணப்பு எதுக்குங்க சார்?"

மேஜர் இன்னாசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கோபப்பட மாட்டார். விளக்கம் சொல்வார். அதுதான் அவரிடம் இருந்த கஷ்டம்.

"நல்லதம்பி, குளிர் வருமா வராதாங்கிறது வானிலைக்காரன் வேலை. வந்தா நம்ம ஆபீசர் நடுங்கக் கூடாதுங்கிறது நம்ம வேலை. நாளைக்கே புதுக்கோட்டையில பனி கொட்டுதுன்னு வை. கணப்பு எங்கேன்னு கேப்பான். என்னன்னு சொல்லுவே?"

நல்லதம்பி தன் தடுப்புக்குத் திரும்பி, அறைக்கு ஒரு புகைபோக்கியாக வரைந்துகொண்டே போனான்.

அந்தப் படத்தில் அவன் சொந்தமாகச் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். முகாமின் வேலி புத்தகத்தின்படி நேர்கோட்டில் போயிருந்தால் பூவூரணிக் கிராமத்தின் ஊரணி உள்ளே அகப்பட்டிருக்கும். அந்தக் கிராமத்தில்தான் அவன் அக்காள் செவந்தி வாழ்க்கைப்பட்டிருந்தாள். அங்கே எங்கே கிணறு வெட்டினாலும் செம்பாறை; பாறையை உடைத்தால் உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீர் ஊரணியில் மட்டும்தான். அதனால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. கரையில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். காலை நனைக்கக் கூடாது; படியில் நின்று குனிந்து குடத்தில் மொள்ள வேண்டும். மாடு அந்தப் பக்கம் தலைவைத்தால் மாட்டுக்காரனுக்கு ஊர்க்கூட்டம் நடக்கும்.

நல்லதம்பி வேலியை அந்த இடத்தில் உள்பக்கமாக வளைத்து ஊரணியை வெளியே விட்டான். ஓரத்தில் 'நிலத்தின் இயல்பு கருதி' என்று எழுதினான். படித்த படிப்பில் அந்த ஒரு வளைவுதான் யாருக்கோ பிரயோசனப்படுகிறது என்று அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

படத்தை அனுமதிக்க வடக்கேயிருந்து பிரிகேடியர் வந்தார். முகாமைக் கட்டப்போகும் காண்டிராக்டர் அவருக்கு ஒரு பெட்டி உறையூர்ச் சுருட்டு வாங்கி வைத்திருந்தார். ஒன்றைப் பற்ற வைத்துக்கொண்டு பிரிகேடியர் மேஜைமேல் குனிந்தார். மேஜையில் இருந்தது அசல் படம். கண்ணாடி போல் வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய வரைதுணியில் கறுப்பு மசியால் வரைந்தது. கையெழுத்து எப்போதும் அசலில்தான் போட வேண்டும். அப்போதுதான் எடுக்கிற நகல்கள் எல்லாவற்றிலும் கையெழுத்து விழும்.

பிரிகேடியர் மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்று படத்தைத் தலைகீழாகப் பார்த்தார். அப்படிப் பார்க்கிறார் என்று சொல்ல அங்கே யாருக்கும் தகுதி இல்லை. பார்த்து முடித்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை நீட்டியபோது சுருட்டின் நுனி உதிர்ந்து துணியில் விழுந்தது. சின்னதாக ஒரு சீறல். அவர் அதை விரலால் சுண்டிவிட்டு, "குட்" என்று சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார்.

ஓரம் பழுப்பேறிய வட்டமான ஓட்டை ஒன்று துணியில் விழுந்திருந்தது. வேலியின் வளைவுக்கு வெளியே, சரியாக ஊரணியின்மேல்.

"சார், வேற துணியில புதுசா வரைஞ்சுடறேன்" என்றான் நல்லதம்பி.

மேஜர் இன்னாசியின் முகம் வெளுத்தது. "பிரிகேடியர் கையெழுத்துப் போட்ட படத்தை மாத்தி வரையறதா? சரியாச் சொல்லு. உனக்கு உடம்பு சரியில்லையா?"

"ஓட்டையையாவது ஒட்டிடறேன்."

"கையெழுத்துக்குப் பின்னாடி ஒரு புள்ளி வைக்கக் கூடாது. ஒரு புள்ளி எடுக்கவும் கூடாது. அப்படியே நகல் எடு."

நகல் எடுப்பது எளிய காரியம். மருந்து தடவிய தாளின்மேல் வரைதுணியை விரித்து வெயிலில் வைப்பார்கள். வெளிச்சம் பட்ட இடமெல்லாம் நீலமாகும். மசிக்கோடு வெளிச்சத்தை மறைப்பதால் கோடு விழுந்த இடம் வெள்ளையாக நிற்கும். ஓட்டையின் நடுவே வெயில் தாராளமாகப் போயிற்று. கருகிய ஓரம் மட்டும் மறைத்தது. தாளைத் தண்ணீரில் அலசி எடுத்தபோது, அவன் காம்பஸ் வைத்து வரைந்த வட்டங்களைவிடச் சுத்தமான வெள்ளை வட்டம் ஒன்று அங்கே இருந்தது. எது மசி, எது சுருட்டு என்று வெயிலுக்குத் தெரியாது.

நகல்கள் பல ஊர்களுக்குப் போயின. சில மாதத்தில் பதில்கள் வந்தன. மின்சாரப் பிரிவு, இந்த வட்டத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு வேண்டுமா என்று கேட்டது. மருத்துவப் பிரிவு, இதில் வேலை செய்யப் போகிறவர்களுக்குக் கண் பரிசோதனை அவசியம் என்று எழுதியது. பாதுகாப்புப் பிரிவு மட்டும் எதுவும் கேட்கவில்லை. பெயர் எழுதாத வட்டத்துக்குப் பிரிகேடியர் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றால் அது பெயர் எழுதக் கூடாத வட்டம் என்று அவர்கள் சட்டென்று புரிந்துகொண்டார்கள். 'மிக ரகசியம்' என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்கள். வட்டத்தைச் சுற்றி ஊர்க்காரர் யாரும் நெருங்கக் கூடாது என்று கூடவே ஓர் உத்தரவு.

நல்லதம்பி துணிந்து ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினான். அது சுருட்டு நெருப்பு என்று எழுதியிருந்தான். உடனே ஒரு விசாரணைக் குழு ஜீப்பில் வந்து இறங்கியது. குழுவின் தலைவர் நகலை விரித்தார்.

"இது என்ன?"

"சுருட்டு நெருப்புப் பட்ட ஓட்டைங்க சார்."

"உமக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. நானே பார்த்தேன்."

எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றன. "மிக ரகசியமான ஒன்றைப் பார்க்க உமக்கு அனுமதி இருந்ததா?"

"நான் பார்த்தப்ப அது ரகசியம் இல்லைங்க சார். ஓட்டை."

"இப்போது?"

நல்லதம்பி மேஜர் இன்னாசியைப் பார்த்தான். அவர் கல்லில் வெட்டியிருந்த குதிரையின் பெயரைப் படித்துக்கொண்டிருந்தார்.

இந்த அமைப்பைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஒருவனை வெளியே விடுவது ஆபத்து என்று குழு முடிவு செய்தது. ஆகவே அவனையே அதன் திட்ட அதிகாரியாக நியமித்தது. சம்பளம் உயர்ந்தது. தலைமை எழுத்தர் பிச்சை எல்லோருக்கும் மிக்சர் வாங்கிக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் பூவூரணிக்குப் போனான். செவந்தி இடுப்புக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடா மூஞ்சி இப்படிக் கெடக்கு? ஆபீசுல குருதைச் சாணி அள்ளச் சொன்னாகளா?"

"அக்கா, ஊரணி போகப்போகுது."

"எங்கிட்டுப் போகுது? அதுக்கென்ன காலா இருக்கு?"

அவன் நடந்ததைச் சொன்னான். அவள் புருஷன் அழகுமலை கயிற்றுக் கட்டிலில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவன், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"ஏன் மாப்ளே, சுருட்டு நெருப்புக்கு எச்சி தொட்டு வச்சாப் போதுமே. அதுக்கு ஊரணியவா கேக்குறாக?"

"வெளையாடாதீங்க மச்சான்."

"நான் எங்க வெளையாடுறேன்? வெளையாடுறது அவுக."

"நீ வரைஞ்ச படந்தானே? நீயே அழிச்சா என்ன?" என்றாள் செவந்தி.

"கையெழுத்துப் போட்டாச்சுக்கா."

"நானுந்தான் ரேசன் கடையில கையெழுத்துப் போடுறேன். அதுக்காகப் புழுத்த அரிசி நல்ல அரிசியா ஆயிருதா?" சொல்லிவிட்டு அவள் அவனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். "குடி. நீ ஏதாச்சும் பண்ணுவே. எனக்குத் தெரியும்."

அவன் குடித்தான். அந்த நம்பிக்கைதான் தண்ணீரைவிடக் கனமாக இறங்கியது.

ஊர்க்காரர்கள் ஒரு குடம் ஊரணித் தண்ணீரோடு அலுவலகத்துக்கு வந்தார்கள். பேசத் தெரிந்தவர் என்று சோலையப்பனை முன்னால் நிறுத்தியிருந்தார்கள். மேஜர் இன்னாசி ஒரு தம்ளர் வாங்கிக் குடித்தார்.

"அடடா. இளநி மாதிரில இருக்கு."

"அதைத்தானுங்க சொல்ல வந்தோம். இதை விட்டா எங்களுக்கு வேற இல்லைங்க. கெணத்துத் தண்ணியில பருப்புகூட வேகாதுங்க" என்றார் சோலையப்பன்.

மேஜர் எழுந்து நின்றார். நாட்டைப் பற்றிப் பேசும்போது அவர் உட்கார்ந்து பேச மாட்டார்.

"எல்லையில நம்ம பசங்க பனிக்கட்டியக் கடிச்சுத் தாகம் தீத்துக்கிறாங்க. நீங்க பருப்பு வேகலைங்கிறீங்க. சொல்லிக்க வெக்கமா இல்லை? சரி, பயப்படாதீங்க. ராணுவம் யாரோட சொத்தையும் பிடுங்காது. உங்க ஊரணியிலேருந்து ஒரு சொட்டுத் தண்ணி நாங்க எடுக்க மாட்டோம். இது என் வாக்கு. தண்ணி அங்கேயேதான் இருக்கும். நீங்க எடுக்கக் கூடாது. அவ்வளவுதான்."

பிச்சை கை தட்டினார். தனியாகத் தட்டுகிறோம் என்று தெரிந்ததும் அந்தக் கைகளை அப்படியே கும்பிடாக மாற்றிக்கொண்டார். மேஜர் குடத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

அன்று சாயங்காலம்தான் நல்லதம்பிக்கு அந்த யோசனை வந்தது. வட்டத்துக்குள் என்ன வரப்போகிறது என்று யாரும் தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்க வேண்டியவன் அவன்தான். முகாமுக்கு ஒரு நீர்த்தேக்கம் வேண்டும் என்று எழுதினான். வட்டமான நீர்த்தேக்கம், ஏற்கனவே தோண்டியது, ஏற்கனவே நிறைந்திருப்பது, புதிதாக ஒரு செங்கல் வைக்க வேண்டாம். நீர்த்தேக்கம் என்று ஆகிவிட்டால் ஊரணி ஊரணியாகவே இருக்கும். முகாம் ஆட்களோடு ஊர்க்காரரும் மொண்டுகொள்ளலாம் என்று நாளாவட்டத்தில் ஒரு வழி பண்ணிக்கொள்ளலாம்.

ஏற்றுக்கொண்டார்கள். மேஜர் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். நல்லதம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அக்காள் வீட்டுக்குப் போய்ச் சொன்னான். அன்று அவர்கள் கோழி அடித்தார்கள்.

பிறகு நிபந்தனைகள் வந்தன. ராணுவ நீர்த்தேக்கம் ஆகாயத்திலிருந்து எதிரிக்குத் தெரியக் கூடாது. ஆகவே மேலே கான்கிரீட் மூடி போட வேண்டும். வெளியிலிருந்து எதுவும் கலக்கக் கூடாது. ஆகவே மழைத்தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை அடைக்க வேண்டும். கடைசி நிபந்தனை, கட்டடம் படத்தில் உள்ளபடி இருக்க வேண்டும். படத்தில் வட்டம் எங்கும் அறுபடாமல் முழுசாக இருந்தது. ஆகவே வாசல் கிடையாது.

"வரத்துக்காலை அடைச்சா தண்ணி எங்கேருந்துங்க சார் வரும்?" என்று கேட்டான் நல்லதம்பி.

"ஏற்கனவே நிறைஞ்சிருக்குன்னு நீதானே எழுதினே?"

"எடுக்க எடுக்கக் குறையுமே சார்."

"வாசலே இல்லாதப்ப யாரு எடுக்கப் போறா?" மேஜர் கனிவாகச் சொன்னார். "நல்லா யோசிச்சுத்தான் பண்ணியிருக்காங்க தம்பி. நீயும் நானும் நினைக்கிற மாதிரி இல்லை."

சாரம் கட்டி, பலகை அடித்து, மூடி போட்டார்கள். கொத்தனார்கள் பூட்ஸ் காலோடு தண்ணீரில் இறங்கினார்கள். கரையில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வேலை முடிந்ததும் உள்ளே மாட்டிக்கொண்ட பலகைகளை உருவுவதற்காகக் காண்டிராக்டர் மூடியில் ஓர் ஆள் நுழையும் ஓட்டை விட்டிருந்தார். அது படத்தில் இல்லை. படத்தில் இல்லாததால் யார் கண்ணிலும் படவில்லை. பலகைகளிலும் சாரக்கம்புகளிலும் பாதியை உருவிவிட்டு, மீதியை உள்ளேயே போட்டுவிட்டு அவர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

முள்கம்பி வேலியும் துப்பாக்கிக் காவலும் வந்தன. முதலில் வந்த காவலாளி திருப்பதி, மணமேல்குடிப் பக்கத்துக்காரன். அந்தப் பொட்டலில் கடலே இல்லையே என்பதுதான் அவன் கவலை. குடத்தோடு வேலிக்கு வெளியே வந்து நின்ற பெண்களிடம் அவன் சொன்னான்:

"ஆத்தா, ஒங்களைப் பார்த்தா நான் சுடணும். பாக்கலைன்னா சுட வேண்டியதில்லை. மத்தியானச் சோறு திங்கிறப்ப நான் வடக்கே பார்த்துத்தான் உக்காருவேன். எனக்கு அப்படியே பழக்கமாயிருச்சு."

மத்தியானத்தில் பெண்கள் வேலியில் குனிந்து நுழைந்து, ஓட்டை வழியாகக் கயிறு விட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். திருப்பதியின் சோறு நாளுக்கு நாள் நேரம் பிடித்தது.

வரத்து இல்லாத தண்ணீர் இறங்கிக்கொண்டே போயிற்று. மழை பெய்தது, மூடியின்மேல் விழுந்து பொட்டலில் ஓடிப் போயிற்று. பங்குனிக் கடைசியில் ஓட்டைக்கு நேர்கீழே வற்றிவிட்டது; மீதித் தண்ணீர் தள்ளிக் கிடந்ததால் கயிறு எட்டவில்லை. செவந்திதான் ஒல்லி. காண்டிராக்டர் விட்டுப்போன சாரக்கம்பில் கால் வைத்து அவள் குடத்தோடு உள்ளே இறங்கினாள். ஊரணியில் முன்பு அல்லி படர்ந்திருந்தது. வெளிச்சம் இல்லாமல் அது அழுகி, மாதக்கணக்காக அந்த மூடிக்குக் கீழே காற்றைக் கெடுத்து வைத்திருந்தது. மேலே நின்றவர்களுக்குக் குடம் தண்ணீரில் அமுங்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் ஒரு தடவை இருமினாள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கூப்பிட்ட சத்தத்தில் திருப்பதி ஓடிவந்து உள்ளே குனிந்தான். அவனுக்கே தலை சுற்றிற்று. அவன் உதவிக்குச் சொல்லி அனுப்பினான். உதவிக்கு வந்தவர்கள் முதலில் திருப்பதியைக் கைது செய்தார்கள்.

மேஜர் இன்னாசியின் ஜீப்பில் நல்லதம்பியும் போனான். வேலிக்கு வெளியே ஊரே நின்றது. உள்ளே ஒரு ஹவில்தாரும் துப்பாக்கிக்காரர்களும் நின்றார்கள். அழகுமலை மேஜரின் காலடியில் விழுந்தான்.

"என் பொஞ்சாதி உள்ள கெடக்காங்க சார்."

மேஜர் படத்தைக் கேட்டு வாங்கினார். வட்டத்தின் ஓரமாகவே விரலை ஓட்டிச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"பாருப்பா. வழி எங்கேயும் இல்லை. வழி இல்லாத இடத்துக்குள்ள ஆள் எப்படி இருக்க முடியும்?"

"அந்தா ஓட்டை தெரியுதுங்களே!"

"அது படத்துல இல்லை."

"எறங்கி நானே தூக்கிக்கிறேன் சார். ஒங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை."

"கேளு. உன் சம்சாரம் உள்ளே இருந்தா அது ராணுவ ரகசியத்துல அத்துமீறல். உன் ஊர்ல பாதிப் பேர் ஜெயிலுக்குப் போகணும். உள்ளே இல்லைன்னா யாருக்கும் ஒண்ணும் இல்லை. உனக்கு எது வேணும்? உன் நல்லதுக்குத்தான் கேக்கிறேன்."

அழகுமலை மேஜரின் கால்களை விட்டுவிட்டு எழுந்து, நல்லதம்பியைப் பார்த்தான். அன்று ஊரணியைப் பற்றிக் கேட்டுச் சிரித்த முகமா இது என்று இருந்தது நல்லதம்பிக்கு.

படத்தில் இல்லாத அந்த ஓட்டையை மறுநாள் மத்தியானத்துக்குள் சிமெண்டு வைத்து அடைத்துவிட வேண்டும் என்று மேஜர் உத்தரவு போட்டார். செவந்தி இரவு முழுவதும் உள்ளேயே கிடந்தாள்.

காலையில் அலுவலகம் திறந்ததும் நல்லதம்பி பிச்சையிடம் போய் நின்றான்.

"பிரிகேடியர் விட்டுட்டுப் போன சுருட்டுப் பெட்டி ஒங்க பீரோவுலதானே இருக்கு?"

பிச்சை அவனை ஏறிட்டுப் பார்த்தார். அசல் படம் அவன் கையில் சுருண்டிருந்ததையும் பார்த்தார். சாவிக்கொத்தை மேஜையில் வைத்தார். "நான் டீ குடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, டீயைக் கொண்டுவந்து கொடுக்கிற ஆள் எதிரே நிற்க, தெருவுக்குப் போனார்.

நல்லதம்பி புகை பிடித்து அறியாதவன். பற்ற வைக்க மிகவும் சிரமப்பட்டான். இருமினான், அக்காள் கடைசியாக ஒரு தடவை இருமியதாகப் பெண்கள் சொன்னது ஞாபகம் வந்தது. வரைதுணியை விரித்தான். வட்டத்தின் ஓரத்தில், கிராமத்தைப் பார்த்த பக்கமாக, ஓர் ஆளைக் கிடத்தித் தூக்கிவரும் அகலம் எவ்வளவு என்று அளவுகோல் வைத்துப் பார்த்துக்கொண்டான். அந்த இடத்தில் சுருட்டை ஊன்றினான். துணி சீறிற்று. கையெழுத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி எடுக்கப்பட்டது.

வெயிலில் வைத்து நகல் எடுத்தான். வட்டத்தில் இப்போது ஒரு வாய் இருந்தது. ஓரம் வெள்ளையாக, சந்தேகமில்லாமல் இருந்தது. ஈரம் காயாத தாளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பூவூரணிக்கு மிதித்தான்.

கொத்தனார் சிமெண்டு குழைத்துக்கொண்டிருந்தார். ஹவில்தார் தாளை வாங்கி முதலில் கையெழுத்தைப் பார்த்தார், பிறகு வட்டத்தைப் பார்த்தார். விறைத்து நின்று சல்யூட் வைத்தார்.

"வழி இருக்கு. விடுங்கப்பா."

மேஜர் இன்னாசி ஜீப்பிலிருந்து இறங்கி வந்து தாளை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். நல்லதம்பியின் சட்டையிலிருந்து வந்த வாடை அவருக்கு எட்டியிருக்க வேண்டும்.

"பிரிகேடியர் எப்ப வந்தார்?"

"கையெழுத்து இருக்குங்க சார்."

இது சுருட்டு சுட்ட ஓட்டை என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் பெரிய வட்டமும் சுருட்டு சுட்ட ஓட்டைதான். அதைச் சுற்றிய வேலியும் மூடியும் காவலும், அவருக்கு வரவிருந்த பதவி உயர்வும் எல்லாமே சுருட்டுச் சாம்பல்தான். அவர் தாளை மடித்தார்.

"ஆமா. இருக்கு" என்றார்.

மூக்கில் துணி கட்டிக்கொண்டு அழகுமலையே இறங்கினான். செவந்தியை மேலே கொண்டுவந்தபோது அவள் கை குடத்தின் கழுத்தைச் சுற்றி இறுகிப்போயிருந்தது. பிரிக்க முடியாமல் குடத்தோடு சேர்த்தே தூக்கினார்கள். குடத்தில் முக்கால்வாசித் தண்ணீர் இருந்தது.

வீட்டு வாசலில் அவளைக் கிடத்தினார்கள். இறந்தவர்களைக் குளிப்பாட்ட மேளத்தோடு ஊரணிக்குப் போய் நீர்மாலை எடுத்துவர வேண்டும். மேளக்காரர் வந்து நின்றார். எந்தப் பக்கம் போவது என்று அவருக்குத் தெரியவில்லை. சோலையப்பன் உப்புக் கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினார். பெண்கள் அசையவில்லை.

அழகுமலை குனிந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குடத்தை எடுத்தான்.

"எங்கிட்டும் போக வேணாம்" என்றான். "தண்ணிய அவளே எடுத்தாந்துட்டா."

அந்தத் தண்ணீரில்தான் அவளைக் குளிப்பாட்டினார்கள்.

பட்டாளம் கடைசிவரை வரவில்லை. சில வருஷம் கழித்து முகாம் வேண்டாம் என்று முடிவாகிக் கட்டடங்களை எல்லாம் கணக்கெடுத்துக் கைவிட்டார்கள். அதிகாரி அறைகளின் புகைபோக்கிகளில் மைனாக்கள் கூடு கட்டின. வட்டத்தை மட்டும் கைவிட முடியவில்லை. அது மிக ரகசியம் என்பதால் கைவிடும் பட்டியலில் அதன் பெயரை எழுத முடியாது. எழுத அதற்குப் பெயரும் கிடையாது. ஆகவே காவல் தொடர்ந்தது. வாசல் ஏற்பட்டுவிட்டதால் வாசலுக்கென்று ஓர் ஆளைக் கூடுதலாகப் போட்டார்கள். ஊர் ஒவ்வொரு வீடாகக் காலியாயிற்று. கடைசியாக அழகுமலை கீரனூர்ப் பக்கம் போனான்.

வேலையை விட்டுவிட்ட நல்லதம்பி, வருஷத்துக்கு ஒரு முறை பங்குனிக் கடைசியில் அங்கே போவான். வேலிக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சற்று நேரம் நிற்பான். ஒரு வருஷம் புதிதாக வந்திருந்த காவலாளி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அருகே வந்தான்.

"சார், நீங்க இந்த ஆபீசுல இருந்தவுகளாமே. கோவிச்சுக்காதீக, மனசு கேக்கலை. இதுக்குள்ள என்னதான் சார் இருக்கு?"

"தண்ணி இருந்துச்சு" என்றான் நல்லதம்பி.

காவலாளியின் முகம் மாறியது. துப்பாக்கியை நிமிர்த்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனான்.

"அதையெல்லாம் வெளியில சொல்லக் கூடாதுங்க சார்" என்றான்.